பங்கோரை: தாவரவியல் பெயரிடலில் ஒரு தமிழ்ச்சொல்லின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பாய் முடையப் பயன்படும் கோரையின் தாவரவியல் பெயர் சைபரஸ் பங்கோரெய் என்பதாகும். 1773ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் வெளியான நூலொன்றில் இப்பெயர் முதன்முதலில் அச்சேறியது. இதன் இரண்டாம் உறுப்பு தமிழ்நாட்டுக் கடற்கரையில் கேட்டெழுதப்பெற்ற ஒரு தமிழ்ச்சொல். அச்சொல் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பிய அறிவுலகிற்குச் சென்ற வழி, அதன் ஒலியமைப்பு உணர்த்தும் செய்திகள், பின்னாளில் அதே செடிக்கு இடப்பெற்ற பிற பெயர்கள், அவற்றால் எழுந்த வகைப்பாட்டுச் சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பங்கோரெய் என்னும் பெயரைப் 'பாய்க்கோரை' என்பதன் திரிபாகக் கொள்ளும் பொதுவான கருத்து ஒலியியல் அடிப்படையில் மறு ஆய்வுக்குரியது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கோரை, பங்கோரை, பஞ்சாய், பன், தரங்கம்பாடி, கோனிக், ரொட்பொல், தாவரப் பெயரியல்.

முன்னுரை

பீங்கான் தொழிலால் இன்று அறியப்படும் விருத்தாசலத்திற்குத் தேவாரம் வழங்கும் பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்பதும் அவ்வூரின் பெயரே. முதுமை என்னும் சொல் 'விருத்த' என்றும், குன்றம் என்னும் சொல் 'அசலம்' என்றும் வடமொழியில் பெயர்க்கப்பட்டு விருத்தாசலம் என்னும் பெயர் நிலைபெற்றது. பொருள் மாறவில்லை, சொல் மாறிவிட்டது. ஒரு பெயர் மற்றொரு மொழிக்குச் செல்லும்போது இரு வழிகள் உண்டு. பொருளைப் பெயர்ப்பது ஒன்று; ஒலியை அப்படியே எழுத்தில் பதிவது மற்றொன்று. முதல் வழியில் கருத்து தங்கும். இரண்டாம் வழியில் சொல் தங்கும்.

இவ்விரு வழிகளும் ஒரே செடியின் வரலாற்றில் அடுத்தடுத்துச் செயற்பட்டிருப்பதைப் பாய் முடையும் கோரையில் காணலாம். விருத்தாசலத்தைக் கடந்து செல்லும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கூடுகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. அதற்குத் தெற்கே கொள்ளிடமும், அதற்கும் தெற்கே காவிரியும் கடலில் கலக்கின்றன. களியும் வண்டலும் நீரும் சேரும் இந்நிலப்பகுதியின் ஆற்றோரங்களும் ஏரிக்கரைகளும் வாய்க்கால்களும் கோரையினங்களுக்கு ஏற்ற வாழிடங்கள். இதன் தென்பகுதிக் கடற்கரையில் அமைந்த தரங்கம்பாடியிலிருந்துதான் அக்கோரையின் தமிழ்ப்பெயர் ஐரோப்பாவிற்குச் சென்றது.

தமிழ் மரபில் கோரை

தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர்களான நிலைத்திணையைப் புல், மரம் என இரண்டாகப் பகுக்கிறது. புறத்தே வயிரம் உடையவை புல். அகத்தே வயிரம் உடையவை மரம். இப்பகுப்பில் தெங்கும் பனையும் புல்லினத்தைச் சாரும். தண்டின் உள்ளமைப்பை அடிப்படையாகக் கொண்ட வகைப்பாடு என்பதால் இதற்குத் தாவர வகைப்பாட்டு வரலாற்றில் தனியிடம் உண்டு. கோரையின் தண்டு புறத்தே நாரும் அகத்தே மென்மையான சோறும் உடையது. ஆதலின் இப்பகுப்பின்படி அது புல்லே.

இலக்கிய வழக்கில் கோரையினத்தைக் குறிக்கும் சொற்கள் பல. சாய், பஞ்சாய், பைஞ்சாய், செருந்தி ஆகியவை சங்க நூல்களில் பயில்கின்றன. பஞ்சாயைக் கொண்டு மகளிர் பாவை செய்து விளையாடிய செய்தியைக் குறுந்தொகையும் ஐங்குறுநூறும் தருகின்றன. வளைத்தாலும் முறுக்கினாலும் ஒடியாத தண்டுடைய செடி அது என்பது இதனால் விளங்கும். செருந்தி என்னும் சொல் ஒரு மரத்தையும் ஒரு கோரையையும் குறிப்பது. எனவே செய்யுளில் அச்சொல் வருமிடமெல்லாம் நிலமும் சூழலும் நோக்கியே பொருள் கொள்ள வேண்டியுள்ளது.

மக்கள் வழக்கில் 'கோரை' என்பது பேரினப் பெயர்போல அமைந்து, முன்னொட்டுகளால் சிற்றினங்களைப் பிரித்துக் காட்டுகிறது. பாய்க்கோரை, வாட்கோரை, தண்டான்கோரை என்பன இவ்வாறு அமைந்தவை. நிலத்தடிக் கிழங்கால் அறியப்படுவது கோரைக்கிழங்கு. சித்த மருத்துவத்தில் அது முத்தக்காசு எனவும்படும். பெயரின் ஒரு பகுதி இனத்தையும் மற்றொரு பகுதி வகையையும் சுட்டும் இம்முறை, 1753இல் லின்னேயஸ் நிலைநிறுத்திய இருசொற் பெயரிடலுடன் ஒப்புநோக்கத்தக்கது. வேறுபாடு ஒன்று உண்டு. லின்னேயஸ் முறையில் இனப்பெயர் முன்னும் சிற்றினப்பெயர் பின்னும் நிற்கும். தமிழில் சிறப்புச்சொல் முன்னின்று பொதுச்சொல்லைத் தழுவும்.

பங்கோரெய்: உருவப் பண்புகள்

சைபரேசி குடும்பத்தின் பெரும் இனங்களுள் ஒன்று சைபரஸ். இக்குடும்பத்துச் செடிகள் தோற்றத்தில் புற்களை ஒத்திருப்பினும் சில பண்புகளால் எளிதில் வேறுபடும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, கணுக்களுடன், கணுவிடை உட்குழிந்து இருக்கும். கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோண வடிவானது; உட்குழிவின்றிச் சோற்றால் நிறைந்தது; பூக்கொத்துக்குக் கீழே கணுக்கள் வெளிப்படத் தோன்றுவதில்லை. புல்லின் இலைகள் இரண்டு வரிசையிலும் கோரையின் இலைகள் மூன்று வரிசையிலும் அமையும். புல்லின் இலையுறை பொதுவாக ஒருபுறம் பிளந்திருக்க, கோரையின் இலையுறை குழல்போல மூடியிருக்கும். புற்பூவைப் பொதுவாக இரு செதில்கள் சூழும். கோரைப்பூ ஒற்றைச் செதிலின் கக்கத்தில் தோன்றும்.

பங்கோரெய் பல்லாண்டு வாழும் செடி. மட்டநிலத்தண்டு சேற்றில் கிடையாகப் பரவி, அதிலிருந்து தண்டுகள் நிமிர்ந்து எழும். வளமான நீர்நிலத்தில் அவை ஒரு மீட்டருக்கு மேலும் உயரும். இலைகள் தண்டின் அடியில் மட்டும் அமைந்து, தண்டின் பெரும்பகுதி இலையற்று வழுவழுப்பாக இருக்கும். தண்டின் நுனியில் நீண்ட இலைவடிவப் பூவடிச் செதில்கள் சூழக் குடைபோல விரிந்த கூட்டுப் பூக்கொத்து தோன்றும். அதன் கிளைகளில் ஒடுங்கி நீண்ட சிறுகதிர்கள் செறியும். ஒவ்வொரு சிறுகதிரிலும் செதில்கள் இரு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். மகரந்தத்தாள்கள் மூன்று, சூலகமுடிப் பிளவுகளும் மூன்று, கனி முப்பட்டையான சிறுகொட்டை.

பாய்த்தொழிலுக்கு இச்செடி தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணம் இவ்வுருவமைப்பிலேயே உள்ளது. கணுவின்றி நீண்டிருப்பதால் தண்டை அடி முதல் நுனி வரை ஒரே சீராகக் கிழிக்க இயலும். உட்குழிவு இன்மையால் அது நசுங்கி உடைவதில்லை. பசுமையாக உள்ளபோதே நெடுக்கில் கீறி வெயிலில் உலர்த்தினால் உட்சோறு சுருங்கிப் புறநார் தங்குகிறது. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நுண்பாய் நெய்வோர் உலர்ந்த கோரையை ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, இழைகளாகப் பிரிக்கின்றனர். பருத்திநூல் பாவாகவும் கோரை இழை ஊடையாகவும் அமையும். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. தாவரவியலார் தண்டின் கோணம், கணுவின்மை, சோறு எனப் பிரித்தெழுதும் பண்புகளைப் பாய் நெய்வோர் கிழியும் தன்மை, நீளம், மினுமினுப்பு எனக் கைவழியே அறிகின்றனர்.

தரங்கம்பாடியும் கோனிக்கும்

தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் தரங்கம்பாடியில் குடியேற்றம் அமைத்தனர். 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்திறங்கியபின் அவ்வூர் சமயப் பணிக்கும் தமிழ் அச்சுக்கும் அகராதிப் பணிக்கும் களமாயிற்று. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அது டேனியரின் ஆளுகையில் இருந்தது. ஆட்சி டேனியருடையது, சமயப்பணியாளருள் பெரும்பாலோர் ஜெர்மன் மொழியினர், சுற்றிலும் வாழ்ந்த மக்கள் தமிழர். இம்மும்மொழிச் சூழல் பங்கோரெய் என்னும் பெயரின் எழுத்து வடிவத்தை விளக்குவதற்கு இன்றியமையாதது.

யொஹான் கெர்ஹார்டு கோனிக் 1728இல் பால்டிக் பகுதியான லிவோனியாவில் பிறந்தவர், லின்னேயஸின் மாணவர். டேனியத் தாவரப் பணிக்காக ஐஸ்லாந்தில் செடிகளைத் திரட்டியபின், 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். லின்னேயஸின் இருசொற் பெயரிடல் முறையை இந்தியாவில் முதன்முதலில் முறையாகக் கையாண்டவருள் அவர் ஒருவர். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றினார். 1785இல் காக்கிநாடா அருகே இறந்தார். அவருடைய கையெழுத்துப் படிகள் லண்டனில் சர் ஜோசப் பேங்க்ஸைச் சென்றடைந்தன.

கோனிக்கைச் சூழ்ந்து தரங்கம்பாடியில் ஒரு தாவர ஆய்வுக் குழு உருவாயிற்று. 1776இல் வந்த யொஹான் பீட்டர் ராட்லர் அவ்வழியில் செடிகளைத் திரட்டினார். இவரே பின்னாளில் தமிழ் ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். அது 1834 முதல் 1841 வரை பகுதிகளாக வெளிவந்தது. உலர்செடியும் சொல்லும் ஒரே கையால் திரட்டப்பட்ட சூழல் அது. செடியின் பெயரை உள்ளூர் மக்களிடம் கேட்டு எழுதிவைப்பது அங்குத் தற்செயலாக நிகழ்ந்ததன்று. மருத்துவருக்கும் சமயப்பணியாளருக்கும் அது அன்றாடத் தேவையாக இருந்தது.

1773: பெயர் அச்சேறிய நூல்

கோனிக் திரட்டிய உலர்செடிகளுள் பல கோபன்ஹேகனுக்கு அனுப்பப்பட்டன. அங்கு மருத்துவப் பேராசிரியராகவும் தாவரவியலாராகவும் விளங்கிய கிறிஸ்டன் ஃபிரிஸ் ரொட்பொல் அவற்றை ஆராய்ந்தார். அரிய செடிகளின், பெரும்பாலும் புதியவற்றின், விளக்கங்களும் படங்களும் அடங்கிய அவருடைய லத்தீன் நூல் 1773இல் வெளியாயிற்று. கோரைக் குடும்பத்தின் வகைப்பாட்டு வரலாற்றில் இந்நூல் ஓர் அடிப்படை ஆவணம். சைபரஸ் பங்கோரெய், சைபரஸ் கோரிம்போசஸ் ஆகிய இரண்டு பெயர்களும் இதிலேயே தோன்றின.

இந்நூலில் ரொட்பொல் அமைத்த இனப்பெயர்கள் இங்குக் கருதத்தக்கவை. கைலிங்கா என்பது 17ஆம் நூற்றாண்டு டேனியத் தாவரவியலார் பீடர் கைலிங்கின் நினைவாக இடப்பட்டது. ஃபுயிரினா என்பது யோர்கன் ஃபுயிரன் என்னும் டேனியரின் நினைவாக அமைந்தது. இனப்பெயர்களில் தம் நாட்டு அறிஞரை நிறுத்திய ரொட்பொல், தமிழ்நாட்டுக் கோரையின் சிற்றினப் பெயரில் தமிழ்ச்சொல்லை நிறுத்தினார். இவற்றுள் கைலிங்கா அண்மைய மரபணு ஆய்வுகளின் விளைவாகச் சைபரஸ் இனத்துள் அடக்கப்பட்டுத் தனி இன நிலையை இழந்துள்ளது. பங்கோரெய் ஏற்கப்பட்ட சிற்றினப் பெயராக நிலைத்துள்ளது.

உள்ளூர்ச் சொல்லைச் சிற்றினப் பெயராக்கும் வழக்கம் ரொட்பொலுக்கு முன்பே இருந்தது. வான் ரீடின் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியாகி மலையாளக் கரையின் செடிப்பெயர்களை ஐரோப்பாவிற்கு அளித்தது. அதில் வரும் 'இரியா' என்னும் பெயரைக் கொண்டு லின்னேயஸ் 1753இல் சைபரஸ் இரியா என்று பெயரிட்டார். அதே ஆண்டு அவர் பெயரிட்ட சைபரஸ் ஹாஸ்பன் என்பதன் இரண்டாம் உறுப்பு சிங்களப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. மலையாளம், சிங்களம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளின் கோரைப்பெயர்கள் 20 ஆண்டு இடைவெளிக்குள் ஒரே இனத்தின் சிற்றினப் பெயர்களாயின.

சொல்லின் அமைப்பு

லத்தீன் நூலில் இச்சொல் பி, ஏ, என், ஜி, ஓ, ஆர், இ, ஐ என்னும் எட்டு உரோமன் எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. இறுதியிலுள்ள 'இ, ஐ' என்னும் இணை ஜெர்மன் எழுத்து மரபில் 'ஐ' ஒலியைக் குறிக்கும். ஆகவே ஈற்றுப் பகுதி 'கோரை' என்பதில் ஐயமில்லை. இதனை அறியாதார் இறுதியிலுள்ள ஐ என்னும் எழுத்தை லத்தீன் ஆறாம் வேற்றுமை உருபாகக் கருதி, பங்கோர் என்னும் ஒருவரின் நினைவாக இடப்பட்ட பெயரென மயங்க இடமுண்டு. அது ஆட்பெயரன்று, வேற்றுமை ஏற்காது நிற்கும் தமிழ்ப் பெயர்ச்சொல்.

முதற்பகுதியே ஆய்வுக்குரியது. பாய்க்கோரை என்பதன் திரிபே இச்சொல் என்று கொள்வது இயல்பாகத் தோன்றும். செடியின் பயனும் அதற்குத் துணைநிற்கிறது. ஆனால் பாய்க்கோரையில் ககரம் இரட்டித்து வல்லோசையாக ஒலிக்கும். அதனைக் கேட்டெழுதும் ஜெர்மன் மொழியினர் 'கே' என்னும் எழுத்தையோ அதன் இரட்டையையோ பயன்படுத்தியிருப்பர். 'என், ஜி' என்னும் இணை மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடன் வரும் ககரத்தைக் காட்டுகிறது. தமிழில் வல்லெழுத்து தன் இனமெல்லெழுத்தை அடுத்து வரும்போதே இவ்வாறு ஒலிக்கும். எனவே கேட்ட சொல்லில் 'ங்க' என்னும் ஒலித்தொடர் இருந்தது என்று கொள்ளலே பொருத்தம். இதனடிப்படையில் மூன்று விளக்கங்கள் அமைகின்றன.

முதலாவது, பாய்ங்கோரை. யகர ஈற்றுச் சொற்கள் சில புணர்ச்சியில் மெல்லெழுத்துப் பெறும். வேய் என்பது குழலோடு புணர்ந்து வேய்ங்குழல் ஆவது சான்று. உரோமன் எழுத்தில் குறிலும் நெடிலும் வேறுபடாமையால் முதலெழுத்தைப் 'பா' எனக் கொள்ளவும் தடையில்லை. எனினும் வேய் செடிப்பெயர். பாய் செய்பொருளின் பெயர். நிலைத்த வழக்கும் வல்லெழுத்து மிக்க பாய்க்கோரை என்பதே. ஆதலின் இவ்விளக்கத்தின் வலு குறைவு.

இரண்டாவது, பைங்கோரை. பசுமை என்னும் பண்புப்பெயர் பை எனத் திரிந்து மெல்லெழுத்துப் பெறுதல் பைங்கிளி, பைந்தமிழ் ஆகியவற்றில் காணப்படுவது. சங்க நூல்களில் பைஞ்சாய் என்றும் பஞ்சாய் என்றும் இரு வடிவங்கள் அருகருகே வழங்குவது இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. சாய் என்பதும் கோரையே. பைஞ்சாய் பஞ்சாய் எனக் குறுகியதுபோலப் பைங்கோரை பங்கோரை எனக் குறுகியிருத்தல் கூடும். ஒலிமாற்றத்திற்கும் பொருளுக்கும் இலக்கிய ஒப்புமையுடைய விளக்கம் இது.

மூன்றாவது, பன்கோரை. இலங்கையின் கிழக்குப் பகுதித் தமிழ் வழக்கில் பாய் இழைக்கும் கோரையினத்திற்குப் பன் என்று பெயர். அதனால் இழைத்த பாய் பன்பாய். சிங்களத்திலும் பாய்க்கோரையைக் குறிக்கும் சொல் பன் என்பதே. மேற்கூறிய ஹாஸ்பன் என்னும் பெயரின் ஈற்றிலும் இச்சொல் தங்கியிருக்கலாம். பன் என்பது கோரையோடு சேரும்போது னகரம் ககரத்திற்கு இனமாகிப் பேச்சில் பங்கோரை என ஒலிப்பது இயல்பு. சிறப்புப்பெயரும் பொதுப்பெயரும் இணைந்த இருபெயரொட்டாக இது அமையும். பாக் நீரிணையின் இரு கரைகளுக்கும் பொதுவான கைத்தொழிற் சொல்லொன்று தரங்கம்பாடிக் கரையிலும் வழங்கியது என்பதற்கு இவ்விளக்கம் இடந்தருகிறது.

பின்னிரு விளக்கங்களும் ஒன்றையொன்று முற்றிலும் விலக்குவன அல்ல. பஞ்சாய் என்பதையே பன், சாய் எனப் பிரித்துக் காணவும் ஒலியமைப்பு இடந்தரும். அவ்வாறாயின் பஞ்சாயும் பங்கோரையும் ஒரே அமைப்பின் இரு வடிவங்களாகும். எவ்வாறாயினும், 1773இல் அச்சேறிய வடிவம் ஏட்டு வழக்கிலிருந்து எடுத்ததன்று, வாய்மொழியிலிருந்து பெற்றது. மெல்லின ஒலியைத் தெளிவாகக் காத்திருப்பதே அதற்குச் சான்று.

டெகெட்டம்: பொருள் பெயர்த்த பெயர்

கோனிக்கிடம் பழகிச் சோழமண்டலக் கரையின் செடிகளை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1793இல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1815இல் அவர் இறந்தபின், அவருடைய 'ஃபுளோரா இண்டிகா' நூலின் முதல் தொகுதி 1820இல் கேரியாலும் வாலிக்காலும் பதிப்பிக்கப்பெற்றது. அதில் வங்காளத்தில் பாய் முடையப் பயன்படும் கோரைக்குச் சைபரஸ் டெகெட்டம் என்னும் பெயர் இடம்பெற்றது. டெகெஸ் என்னும் லத்தீன் சொல்லுக்குப் பாய் என்று பொருள். டெகெட்டம் என்றால் 'பாய்களுக்குரியது'.

இப்பெயர் பாய்க்கோரை என்னும் தமிழ்ப்பெயரின் நேர் மொழிபெயர்ப்புப்போல அமைந்துள்ளது. ஆனால் அது பிறந்த சூழல் வங்காளம். மாதுர் எனப்படும் பாய்த்தொழிலால் அறியப்படும் அக்கோரைக்கு வங்காளத்தில் மாதுர்காட்டி என்று பெயர். ரொட்பொல் ஒலியைக் காத்தார். பொருள் லத்தீன் வாசகருக்குப் புலப்படவில்லை. ராக்ஸ்பர்க் பொருளைக் காத்தார். வங்காளச் சொல் மறைந்தது. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதில் நிகழ்ந்ததே டெகெட்டத்திலும் நிகழ்ந்தது.

ராக்ஸ்பர்க்கின் செடியும் ரொட்பொலின் செடியும் ஒன்றே என்று பிற்காலத் தாவரவியலார் கொண்டனர். தாவரப் பெயரிடல் விதிகளின்படி ஒரே சிற்றினத்திற்கு இரு பெயர்கள் இருப்பின் முன்னர் வெளியானதே ஏற்புடையது. 1820க்கு 47 ஆண்டுகள் முற்பட்ட பங்கோரெய் ஏற்கப்பட்ட பெயராக, டெகெட்டம் இணைப்பெயராயிற்று. காலமுந்துரிமை விதி, அதை நோக்கமாகக் கொள்ளாமலே, ஒரு தமிழ்ச்சொல்லைப் பாதுகாத்தது.

கோரிம்போசஸ்: எல்லைச் சிக்கல்

காலமுந்துரிமை தீர்க்க இயலாத சிக்கலும் ஒன்று உண்டு. சைபரஸ் கோரிம்போசஸ் உருவத்தில் பங்கோரெய்க்கு மிக நெருங்கியது, பாய்க்கும் பயன்படுவது. இரண்டும் ஒரே நூலில் ஒரே ஆண்டில் வெளியானமையால் எது முந்தியது என்னும் வினாவுக்கே இடமில்லை. இரண்டும் ஒரே சிற்றினமா, வெவ்வேறா என்பதை உருவப் பண்புகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். தண்டின் கோணங்கள் எவ்வளவு கூர்மையானவை, இலைத்தாள் வளர்ந்துள்ளதா உறையளவில் நின்றுவிட்டதா, பூவடிச் செதில்கள் பூக்கொத்தைவிட நீண்டவையா என்பன அவ்வாறு நோக்கப்படும் பண்புகள். இவற்றுள் நீளம் சார்ந்தவை நீரின் ஆழத்திற்கும் மண்ணின் வளத்திற்கும் ஏற்ப மாறக்கூடியவை.

ஹூக்கரின் 'பிரித்தானிய இந்தியத் தாவரங்கள்' ஆறாம் தொகுதியில் கோரைக் குடும்பத்தை எழுதிய சி. பி. கிளார்க் பங்கோரெய்யைத் தனிச் சிற்றினமாகக் கொள்ளாமல் கோரிம்போசஸின் ஒரு வகையாக வைத்தார். அதனால் தமிழ்ப்பெயர் சிற்றின நிலையிலிருந்து வகை நிலைக்கு இறங்கியது. பாய்க்கோரைக்கு நூல்களில் கோரிம்போசஸ் என்னும் பெயர் பரவியது. பின்னர் இரண்டையும் வேறு சிற்றினங்களாகக் கொள்ளும் கருத்து வலுப்பெறப் பங்கோரெய் மீண்டும் தன் நிலையை அடைந்தது.

பெயர் வேறுபாட்டின் விளைவு

இவ்வரலாறு பெயர்ப்பட்டியலோடு முடிவதன்று. பாய்த்தொழில், கோரை வேளாண்மை, இழைகளின் இயல்பு ஆகியவை பற்றிய எழுத்துகளில் பங்கோரெய், கோரிம்போசஸ், டெகெட்டம் என மூன்று பெயர்களும் வழங்குகின்றன. சிலவற்றில் பாய்க்கோரைக்குச் சைபரஸ் ரொட்டுண்டஸ் என்றும் எழுதப்படுகிறது. ரொட்டுண்டஸ் என்பது கோரைக்கிழங்கு. குட்டையான தண்டும் மணமுள்ள கிழங்கும் உடைய அது பாய்க்கு உதவாது. மருந்துக்கும், உழவர் நோக்கில் களையெடுப்புக்கும் உரியது. 'கோரை' என்னும் பொதுப்பெயரை அகராதியில் தேடி, முதலில் கிடைக்கும் லத்தீன் பெயரை எடுத்தாளுவதால் இப்பிழை நேர்கிறது. மக்கள் வழக்கு முன்னொட்டால் தெளிவாகப் பிரித்த இரு செடிகளை ஏட்டு வழக்கு ஒன்றாக்கிவிடுகிறது.

இதனால் எழும் இழப்பு மூவகைப்பட்டது. முதலாவது, ஒரு பெயரின்கீழ்ப் பதிவான நார்வலிமை, விளைச்சல், நீர்த்தேவை பற்றிய செய்திகளை மற்றொரு பெயரின்கீழ்ப் பதிவானவற்றோடு ஒப்பிட இயலாமற் போகிறது. இரண்டாவது, புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழிற் பொருளுக்கு மூலப்பொருள் எது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்வது கடினமாகிறது. மூன்றாவது, இலக்கிய உரைகளில் சாய், பஞ்சாய், செருந்தி ஆகியவற்றுக்குத் தாவரவியல் பெயர் தருவோர் சிற்றினத்தை ஆராயாமல் பெயரிட்டால், பிழை உரைவழியாக அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. ஞெகிழிப் பாய்களின் வரவால் கோரைப்பாய் முடைவோர் தொகை குறையும்போது, சிற்றினங்களைப் பிரித்தறிந்து பெயரிடும் அறிவும் உடன் குறைகிறது.

முடிவுரை

பங்கோரெய் என்னும் தாவரவியல் பெயர், 18ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கீழைக்கரையில் வழங்கிய ஒரு பேச்சுச்சொல்லின் தேதியிட்ட பதிவு. ஜெர்மன் மொழியினரின் செவிவழியே கோபன்ஹேகனின் லத்தீன் நூலை அடைந்த அச்சொல், பாய்க்கோரை என்னும் நிலைத்த வழக்கிலிருந்து ஒலியமைப்பில் வேறுபட்டது. அதில் தெளிவாகக் கேட்கும் மெல்லின ஒலி, பைஞ்சாய், பஞ்சாய் என்னும் பழைய வடிவங்களோடும், ஈழத்துப் பன் என்னும் சொல்லோடும் அதனை இணைத்து நோக்க வழிசெய்கிறது. 1820இல் தோன்றிய டெகெட்டம் பொருளைப் பெயர்த்த பெயர். அது இணைப்பெயராக ஒதுங்க, ஒலியைக் காத்த பெயரே நிலைத்தது.

இச்சொல்லின் முதற்பகுதியை உறுதிசெய்யும் சான்று இரண்டு இடங்களில் தேடத்தக்கது. ஒன்று, தரங்கம்பாடியினர் திரட்டிய உலர்செடித் தாள்களின் குறிப்புகள். மற்றொன்று, மணிமுத்தாறு முதல் காவிரி வரையுள்ள கரையூர்களிலும் ஈழத்தின் கிழக்குப் பகுதியிலும் கோரை அறுப்போரும் பாய் முடைவோரும் இன்றும் வழங்கும் பெயர்கள். முதல் வகைச் சான்று பேழைகளில் காத்திருக்கும். இரண்டாம் வகைச் சான்று முதியோரின் நாவில் உள்ளது. தமிழாய்வாளரும் தாவரவியலாரும் இணைந்து, ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய செடியின் மாதிரியோடு சேர்த்துப் பதிவுசெய்யும் களஆய்வு முதலில் அங்குத் தொடங்கவேண்டும்.